ஆறு மணிப் பொறி

காலை ஒன்பது மணி. ஒத்தப்பனைக்குளம் அரசுப் பள்ளியில் முதல் பாடம். நேற்று நடத்திய அதே பாடம். முந்தாநாள் நடத்தியதும் அதேதான்.

"காலையில நிழல் ஏன் நீளமா விழுது?" இருளப்பன் வாத்தியார் சாக்பீஸை நீட்டினார்.

முன் பெஞ்சில் முனீஸ்வரி நெற்றியைச் சுருக்கினாள். மற்ற இருபத்திரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விடை எல்லோருக்கும் அத்துப்படி. ஆனால் சொல்லக் கூடாது. இந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரே சட்டம் அது.

"சூரியன் கீழ இருக்குல்ல சார்... அதனாலயா?"

அவள் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பொத்தான் பளிச்சென்று பச்சை அடித்தது.

"ஒண்ணு!" ஏலக்காரர் மாதிரி கத்தினார் வாத்தியார்.

அந்தப் பொத்தானுக்குப் பெயர் புரிமானி. ஒரு விஷயம் முதல்முறையாகப் புரியும் கணத்தில் மூளையில் ஓர் அலை எழும். மனப்பாடம் செய்தால் வராது. காப்பியடித்தாலும் வராது. அந்த அலையைப் பிடித்து, ஒரு 'பொறி' என்று எண்ணி, அதன் அளவையும் சேர்த்துத் தலைநகருக்கு அனுப்பும் புரிமானி. பரீட்சை ஒழிந்தது என்று நாடே வெடி போட்டது. பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சராசரி ஐந்து பொறி. எட்டினால் நிதி. எட்டாவிட்டால் பூட்டு. பிள்ளைகள் முப்பது கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குப் போக வேண்டும்.

அந்த ஒன்றியத்தில் பன்னிரண்டு பள்ளிகள் இருந்தன. பதினொன்றுக்குப் பூட்டு விழுந்தாயிற்று. அங்கே படித்த பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது கருவேல மரத்தை எரித்துக் கரியாக்கும் மூட்டத்தில் விறகு அடுக்குகிறார்கள்.

பன்னிரண்டாவது பிழைத்தது முனீஸ்வரியால். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த மூளைக்காய்ச்சல், புதிதாக எதையும் பிடித்து வைக்கும் சக்தியைக் கொண்டு போய்விட்டது. ராத்திரி தூங்கினால் அன்றைய நாள் அழிந்துவிடும். ஆகவே தினமும் எல்லாமே அவளுக்குப் புதுசு. தினமும் நாற்பது பொறி.

"நம்ம பள்ளிக்கூடத்துக்கு அவதான் மேடம் குலசாமி" என்றார் இருளப்பன்.

தலைமையாசிரியை ஞானசௌந்தரி சிரிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் வந்த டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். 'ஒரே ஊசி, மறதி போயிடும். அவ அம்மாகிட்டக் கையெழுத்து வாங்கிடுங்க.' தாள் மேசை இழுப்பறையில் கிடந்தது. இந்த மாதம் முடியட்டும், இந்த மாதம் முடியட்டும் என்று அவள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்றுதான், புரிமானிக் கணக்கைக் காட்டும் மேசைத் திரையில் அதைக் கவனித்தாள். முனீஸ்வரியின் ஆகப் பெரிய பொறி வகுப்பில் விழவே இல்லை. தினமும் காலை ஆறு மணிக்கு, வீட்டில் விழுந்திருந்தது. முந்நூறு நாளாக, ஒரே ஒரு நாள் தவிர.

சாயங்காலம் தாளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

முனீஸ்வரியின் அம்மா சந்தனமாரி கரி சலித்துக்கொண்டிருந்தாள்.

"விடியக்காலம் ஆறு மணிக்குப் புள்ளைக்கு என்ன சொல்லிக் குடுக்குற?"

"நான் என்னத்த டீச்சரம்மா சொல்லிக் குடுக்க? எந்திரிச்சதும் 'அப்பா எங்கம்மா'ம்பா. போன வருசம் மூட்டத்துல விழுந்து செத்துப் போனாகடின்னு சொல்லுவேன்."

ஞானசௌந்தரியின் கை பையிலிருந்த தாளைத் தொட்டது.

"ஒருநா, வெளியூரு போயிருக்காகன்னு பொய் சொல்லிப் பாத்தேன். அப்பா வந்தாத்தான் போவேன்னு வாசல்லயே உக்காந்துட்டா. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்ல? அதான் தினம் உண்மையச் சொல்லிப்புடறேன்."

"அழுவாளா?"

"இன்னிக்குத்தான் செத்த மாதிரி அழுவா."

ஞானசௌந்தரி தாளை எடுத்து நீட்டினாள். "மறதிக்கு ஊசி வந்திருக்கு. மூணு வாரமா எங்கிட்டத்தான் கிடந்துச்சு."

"மூணு வாரமாவா?"

"ஆமா."

சந்தனமாரி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கரி படிந்த கட்டைவிரலை அப்படியே தாளில் அழுத்தினாள். மை தேவைப்படவில்லை.

ஊசி போட்ட பத்தாம் நாள், காலை ஆறு மணிக்குத் திரை சும்மா இருந்தது. வகுப்பில் இருளப்பன் நிழலைப் பற்றி ஆரம்பித்ததும், "இதை நேத்தே சொல்லிட்டீங்க சார்" என்றாள் முனீஸ்வரி. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். வாத்தியார் முகத்தைத் துடைத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார்.

சராசரி மூன்றரைக்கு இறங்கியது. மாதக் கடைசியில் உத்தரவு வந்தது.

ஞானசௌந்தரி பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டாள். கடைசியாக முனீஸ்வரி நின்றாள்.

"ஏன் டீச்சர் பூட்டுறாங்க?"

"கட்டடம் பழசாயிடுச்சும்மா."

"ஊசி போடறதுக்கு முன்னாடியும் இதே கட்டடந்தான?" முனீஸ்வரி நெற்றியைச் சுருக்கினாள். "முன்னாடி நாந்தான் குலசாமியாம். இருளப்பன் சார் சொன்னாரு. இப்ப எனக்குப் பொறியே விழமாட்டேங்குது..."

"முனீசு, வேணாம்மா. யோசிக்காத."

"அப்ப... நான் நல்லாயிட்டதாலயா டீச்சர்?"

காதோரம் பச்சை பளிச்சென்று அடித்தது. மேசைத் திரை உற்சாகமாக மணியடித்தது.

'இன்று மாநிலத்தின் ஆகப் பெரிய பொறி உங்கள் பள்ளியில்! ஒத்தப்பனைக்குளத்துக்கு வாழ்த்துகள்!'

முனீஸ்வரி அந்த எழுத்துகளை மெல்லப் படித்து முடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இது, தூங்கி எந்திரிச்சாப் போயிடுமா டீச்சர்?"