பொக்குச் சத்தம்

நேற்று சாக்பீஸால் வட்டம் போட்டிருந்த டைல் இன்று கெட்டியாக ஒலித்தது.

அவள் விரல் முட்டியால் மறுபடி தட்டினாள். டிக். பக்கத்து டைலைத் தட்டினாள். டொக். நேற்று டைல்ஸ்காரர் இதைத் தட்டிவிட்டு, "இது நல்லாருக்கு" என்று தாண்டிப் போனபோது, அவள் வாளியைப் பிடித்தபடி பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள்.

வீட்டுக்கு எழுபது வயதாவது இருக்கும். கணவன் அதை வாங்கியதே இந்தக் குளியலறையைப் பார்த்துத்தான். இளம்பச்சை டைல், கால் வைத்த இரும்புத் தொட்டி, சுவரோடு பதித்த சோப்புக் கிண்ணம். சுவரின் மறுபக்கம் சமையலறை. அங்கே அதே டைல் வெளிர்மஞ்சளில். "இந்தச் சரக்கு இனிமே கிடைக்காது. ஒண்ணு உடைஞ்சாலும் போச்சு" என்று வேலை தொடங்கும்போதே சொல்லிவிட்டான். அதனால் எதையும் பெயர்க்காமல் டைல்ஸ்காரர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பின்னால் பிடிப்பு விட்டிருந்தால் பொக்குச் சத்தம் வரும். அதற்கு ஒரு வட்டம். பிறகு இடுக்கில் துளை போட்டு, பெரிய ஊசிக்குழாயால் சிமென்ட் பால் ஏற்றி அடைக்க வேண்டும்.

நாலு வயது மகள் அந்தத் தொழிலை அப்படியே பிடித்துக்கொண்டாள். கரண்டிக் காம்பால் வீட்டையே தட்டினாள். கதவு, பூசணிக்காய், பொம்மையின் வயிறு. சாப்பிட உட்கார்ந்த அப்பாவின் தலையில் ஒரு தட்டு.

"அப்பா பொக்கு."

"உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?" என்றான் அவன், சிரிக்காமல்.

"நான் பொக்கு இல்ல." தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள் குழந்தை. அது அம்மாவுக்குத் தெரியும். தினமும் தட்டித் தூங்க வைக்கிற முதுகு. பிசைந்து வைத்த மாவைப்போல உள்ளங்கைக்குக் கீழே கனமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும்.

அன்று மாலை, காய்ந்த சிமென்ட்டும் ஈரச் சுண்ணாம்பும் அவற்றுக்கு அடியில் நெடுநாள் மூடிவைத்த பெட்டியைத் திறந்ததுபோல ஒரு புழுங்கல் வாடையும் கலந்து கிடந்த குளியலறையின் வாசலில் அவள் கைத்துண்டோடு நின்றபோது, சன்னல் வழியாக வந்த கடைசி வெளிச்சத்தில் அந்த வட்டங்கள் தனித்தனியாக இல்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து தெரிந்தன. மேலே ஒன்று. அதன் கீழே அகலமாக மூன்று. இரண்டு பக்கமும் தொங்கலாக. கீழே இரண்டு வரிசை, தரை வரை.

ஓர் ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"மேகத்துலகூடத்தான் யானை தெரியும்," என்றான் கணவன். "அதுக்காக யானையா பெய்யுது?"

மறுநாள் சுவர் ஒரு வாளிப் பாலையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. "என்னம்மா இது, ரொம்ப நாள் தாகம்போல," என்றார் டைல்ஸ்காரர். அவருக்கு எல்லாமே வேடிக்கை. "காலி இடம்னா எலி வரும், கரப்பான் வரும். அடைச்சுட்டா, அது பாட்டுக்கு வேற காலி வீடு பாத்துட்டுப் போயிரும். வாடகையா குடுக்குது?"

அவர் போனபின் அவள் தட்டிப் பார்த்தாள். தலை இருந்த இடம் டிக். தோள், டிக். இடுப்புக்குக் கீழே மட்டும் டொக், டொக். சாக்பீஸை எடுத்து அவளே வட்டம் போட்டாள். இப்போது அது உட்கார்ந்திருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு.

கையை எடுத்தாள். நின்றாள்.

உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது.

குழாய்களை எல்லாம் எப்போதோ கழற்றியாகிவிட்டது. சுவருக்குள் சத்தம் போட எதுவும் இல்லை.

"ஏங்க, இந்தச் சுவர உடைச்சிரலாம்."

"உனக்கு வீட்ல வேற வேலையே இல்லையா?"

"பாப்பா அங்கதானே குளிக்கணும். சொன்னாக் கேளுங்க."

"கேட்டுக் கேட்டுத்தான் காது புளிச்சுப் போச்சு. நீயும் தட்டுற, உன் பொண்ணும் தட்டுறா. பைத்தியக்கார வீடு மாதிரி இருக்கு. ஒரு டைல் விரிசல் விட்டாலும் நான் மனுஷனா இருக்க மாட்டேன், பாத்துக்கோ."

அவன் குரல் அடங்கியதும், குளியலறைப் பக்கமிருந்து ஒரு தட்டு. அவனுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டது, பேப்பரைத் திருப்பிக்கொண்டான்.

உடைக்க முடியாது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். மறுநாள் அவளே டைல்ஸ்காரரிடம் சொன்னாள்: "அண்ணா, சுவர் முழுக்க அடைச்சிருங்க. உள்ள விரல் நுழையிற இடம்கூட மிச்சம் வேண்டாம்."

"அடைச்சுட்டாப் போச்சு."

மேலிருந்து அடைத்தார். பக்கங்களிலிருந்து அடைத்தார். ஊசிக்குழாயை அவர் அழுத்த அழுத்த, அவள் தட்டிப் பின்தொடர்ந்தாள். அது சுருங்கியது. முழங்கால் இல்லை. தோள் இல்லை. கீழே, ஒரு மூலையில், நாலே டைல். குழந்தை உட்கார்ந்தால் எவ்வளவோ அவ்வளவு.

"கடைசி," என்றார் அவர்.

அவள் உள்ளங்கையை அந்த டைலின் மேல் வைத்திருந்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. பால் ஏறியது. உள்ளே தட்டல் வேகமெடுத்தது. அவசரமாக. இன்னும் அவசரமாக. இடம் தேடுவதுபோல, இங்கே, அங்கே, பின்பக்கம்.

நின்றுவிட்டது.

"அம்மா." சமையலறையிலிருந்து மகளின் குரல். "முதுகு சில்லுனு இருக்கு."

அவள் எழுந்து ஓடினாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியின் கதவு திறந்திருந்தது. மகள் பொம்மைப் பாத்திரங்களோடு அதற்குள் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் டைலில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

வெளியே இழுத்தாள். முதுகைத் தேய்த்தாள். காயம் இல்லை, ஈரம் இல்லை. குழந்தை அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். நீளமாக, வாய் முழுவதும் திறந்து.

"தூக்கம் வருது."

குளியலறையில் டைல்ஸ்காரர் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். டிக், டிக், டிக். கணவனும் வந்து தட்டினான். "கல்லு மாதிரி நிக்குது பாரு. இதுக்குப் போய் உடைக்கணும்னா," என்று அவன் சொல்வதும் இருவரும் சிரிப்பதும் கேட்டன. அவளுக்கும் ஒரு மூச்சு வெளியேறியது. முடிந்தது. சுவருக்குள் எதுவும் இல்லை.

படுக்கையறையில் மதிய வெயில் திரைச்சீலையைத் தாண்டி விரிப்பில் விழுந்திருந்தது. மகள் குப்புறப் படுத்தாள். வழக்கம்போல, கேட்காமலே, முதுகைக் காட்டினாள். அவளும் பக்கத்தில் சாய்ந்து, சிரிப்புச் சத்தத்தைக் கேட்டபடி, கண்ணை மூடித் தட்ட ஆரம்பித்தாள்.

டொக்.

கண்ணைத் திறந்தாள்.

குழந்தை ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வெயில். மெதுவாகத் தோள்பட்டை நடுவில் தட்டினாள். டொக். விலாவில். டொக். பின்கழுத்துக்கு மேலே, முடிக்குள், ஒற்றை விரலால். டொக்.

கணவனைக் கூப்பிட நினைத்தாள். கையை எடுக்க முடியவில்லை. அது அங்கேயே கிடந்தது, சின்ன முதுகின் மேல், விரல்கள் விரிந்து.

குழந்தையின் மூச்சு நின்றது. வெயில் அப்படியே இருந்தது.

பிறகு அவள் உள்ளங்கைக்குக் கீழே, உள்ளிருந்து, தினமும் அவள் தட்டுகிற அதே தாளத்தில், அவசரமே இல்லாமல், ஒரு கை அவளைத் தட்டத் தொடங்கியது.