பாதத்துக்கு அடியில் ஒரு துண்டுத் தோல்

கஜபதியின் செருப்பு வாரில் ஒரு வரிசை ஓட்டை விழுந்திருந்தது. எலி கடித்ததாக இருக்காது. எலிக்கு அவ்வளவு ஒழுங்கு ஏது? ஸ்கேல் வைத்துக் குத்திய மாதிரி ஒரே இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சாய்ந்த வாய். நூல் மட்டும் இல்லை.

அந்தச் சாய்வு தோல் தைக்கும் ஊசியுடையது. அது அவனுக்குத் தெரியாதா? திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தோல் தைக்கிற பழைய மிஷின் எது படுத்தாலும் கஜபதியைத்தான் கூப்பிடுவார்கள். பேர் அழிந்துபோன மிஷினை மோந்து பார்த்தே ஜாதகம் சொல்லிவிடுவான்: எந்த ஊரில் வார்த்தது, எந்தக் கப்பலில் வந்தது, அந்தக் கப்பலின் சமையல்காரனுக்கு எத்தனை பெண்டாட்டி என்பது வரைக்கும்.

இப்போது வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிற்பது, ஆவடி காயலான்கடை சுலைமான் அவன் தலையில் கட்டிய மிஷின். யானைக்குக் கோட்டு தைக்கலாம், அத்தனை பெரிசு. குதிரைச் சேணம் தைத்த ரகம் என்று கழுத்து வளைவிலேயே கண்டுபிடித்துவிட்டான். ஆனால் ஷட்டில் இல்லை. கீழ்நூலைச் சுமந்துகொண்டு படகு மாதிரி உள்ளே போய்வருகிற இரும்பு அது. அது இல்லாவிட்டால் ஊசி குத்தும், தையல் விழாது.

மிஷினை விட்டு எழுந்திருக்கும்போது, தோலை அழுத்திப் பிடிக்கிற இரும்புப் பாதத்துக்கு அடியில் ஒரு துண்டுத் தோல் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெறும் வாயோடு விட்டால் அது தானே தோல் தேடும் என்று தொழிலில் எல்லாரும் செய்வது. கஜபதி வைக்கவில்லை. தைக்கவே துப்பில்லாத மிஷினுக்கு இந்த மரியாதை ஒரு கேடா?

செருப்புக்கு அப்புறம் பெல்ட். அப்புறம் மணிபர்ஸ். அப்புறம் கட்டிலடியில் இருந்த கைப்பை. கொட்டகையிலிருந்து படுக்கைப் பக்கமாக ஓட்டைகள் நகர்ந்துகொண்டே வந்தன. ஐப்பசி மழையோ, செம்பரம்பாக்கம் ஏரி எழுந்து நடந்து வந்த மாதிரி அடித்தது. ஈரத்தில் ஊறிய தோலின் நாற்றமும் மிஷின் எண்ணெய்க் காரலும் மனைவி பார்வதம் தொடுக்கும் மல்லிகை வாசனையும் ஒன்றோடொன்று குழைந்து வீட்டுக்குள் கனத்துக் கிடக்க, ஓடுகளில் மழை சற்று மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரும். டக்.

"எலிடி" என்பான்.

"எலி இன்னா தையக்கடை வெச்சிகினு கீதா?" என்பாள் பார்வதம், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெருமாள் கோயிலுக்கு மாலை கட்டுகிறவள் அவள். விரல்கள் ஓடுகிற ஓட்டத்தில் மொட்டுகள் பயந்துபோய் மலர்ந்துவிடும். பெண் பார்க்கப் போனபோது கஜபதி அந்தக் கைகளைப் பார்த்துத்தான் தலையாட்டினான். முகத்தைத் தாலி கட்டும்போதுதான் பார்த்தான்.

ஒருநாள் காலையில் அவள் கட்டை விரலை நீட்டினாள். "இன்னான்னு தெர்லய்யா. வலியே இல்ல."

ஒரே ஒரு ஓட்டை. ரத்தம் இல்லை. சாய்ந்த வாய்.

கஜபதி அதற்கப்புறம் எலி என்று சொல்லவில்லை. மிஷினைத் தொலைத்தாக வேண்டும். ஓடாத மிஷினை எவன் தூக்கிப் போவான்? மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய பார்ட்டுக்குப் போக்கிடமே இல்லை. ஷட்டிலைத் தேடிப் பெரியமேட்டில் ஒரு கடை விடாமல் குடைந்தான். கடைசியில் பார்த்தால், சுலைமானின் தராசில் எடைக்கல்லோடு கல்லாகக் கிடந்தது ஷட்டில்.

"எட்த்துக்கோ நைனா. மாட்டிட்டு சும்மா உட்றாத. பாதத்துக்குக் கீய துண்டு வெச்சிட்டு எய்ந்திரி."

"எனக்கே பாடமா பாய்?"

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் மாட்டினான். மெழுகு பூசிய கறுப்பு நூலைக் கோத்து, இரண்டு துண்டுத் தோலைச் சேர்த்துவைத்துச் சக்கரத்தைச் சுற்றினான். முத்து முத்தாகத் தையல். நூலைப் பட்டென்று அறுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான்.

"பார்வதம்! வியுந்துச்சி பாரு தையலு! நாளைக்கே ஆள் பாத்துத் தள்ளிடலாம்!"

அவள் தடவிப் பார்த்தாள். "சோக்காத்தான் கீது. அங்க துண்டு வெச்சியா?"

கஜபதி தன் கையைப் பார்த்தான். வைக்க வேண்டிய துண்டு அதில்தான் இருந்தது.

கரண்ட் போனது.

"இப்டி குடு. நீ வெளக்க ஏத்து." பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். வேண்டாம் என்று அவன் சொல்வதற்குள் கொட்டகைக்குள் இருந்தாள்.

தீப்பெட்டி நமத்திருந்தது. கிழித்தான். பற்றவில்லை.

டக்.

இன்னொன்று. அதுவும் இல்லை.

டக். டக்.

இப்போது குத்துகிற சத்தம் மட்டும் இல்லை. குத்துக்குக் குத்து, உள்ளே ஏதோ வழுக்கிப் போய் வழுக்கி வந்தது. ஷட்டில்.

டக்டக்டக்டக்.

நின்றது.

மழைகூட.

லாந்தர் பற்றிக்கொண்டது. பின்வாசலில் பார்வதம் நின்றாள், சாமி முன்னால் நிற்பதுபோல் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு.

"இன்னாடி? என்னப் போய் கும்புட்டுகினு..."

"பிரிய மாட்டேங்குதுய்யா."

லாந்தரைத் தூக்கினான். சுண்டு விரலிலிருந்து உள்ளங்கை ஓரமாக வளைந்து கட்டை விரல் வரைக்கும், முத்து முத்தாகத் தையல். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நூலின் இழுப்பு கச்சிதம் என்று அந்த நேரத்திலும் அவன் கண் பார்த்துத் தொலைத்தது.

பிரித்துவிடலாம். நூல் முனை எங்கே? முனையைப் பிடித்தால் போதும்.

முனை இல்லை. அவள் கட்டை விரலிலிருந்து கறுப்பு நூல் இறங்கி, நிலைப்படி தாண்டி, ஈரத் தரைக்கு மேலாக விறைப்பாக, கொட்டகை இருட்டுக்குள் போயிற்று.

டக்.

பார்வதம் பின்னால் ஓர் அடி வைத்தாள். அவளாக வைக்கவில்லை.

"புட்சிக்கோய்யா."

கூப்பிய கைகளை இறுக்கிப் பிடித்தான். டக். இருவருமாக ஓர் அடி நகர்ந்தார்கள்.

கொட்டகைக்குள், இன்னும் தடிமனாக எதையோ உள்ளே விட இடம் வேண்டும் என்பதுபோல, இரும்புப் பாதம் மெல்ல மேலே தூக்கிக்கொண்டது.