ரிக்கென்ஸாவின் உயரம்

எனக்கு ஒரு புது அப்பா கிடைக்க இருந்தார். பெயர் கெர்லாக் பிரபு. சிலுவைப் போருக்காக ஜெர்மனியிலிருந்து எங்கள் அக்ரே துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தவர். வந்த இடத்தில் காலை உடைத்துக்கொண்டு எங்கள் வீட்டு மாடியில் குடியேறினார். கால் சரியான பிறகும் ஊர் திரும்பவில்லை. அவருடைய கோட்டையில் எல்லோரும் காய்ச்சலில் இறந்துவிட்டார்கள், மனைவி ரிக்கென்ஸாவும் போய்விட்டாள் என்று ஒரு யாத்ரீகர் வந்து சொல்லியிருந்தார். யாருக்காகத் திரும்புவது?

எனக்குக் குதிரையேற்றமும் அவருடைய பாஷையும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். முலாம்பழத்தின்மேல் சீரகத்தைத் தூவித் தின்பார். அதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அடித்து அடித்தே அவரைப் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது. தேவாலயத்தில் இரண்டு ஞாயிறு கல்யாணத்தை அறிவித்துவிட்டார்கள். வரும் ஞாயிறு மூன்றாவது அறிவிப்பு. அன்றே கல்யாணம்.

வெள்ளிக்கிழமை காலை பிரபு என்னிடம் அந்தக் கயிற்றைக் கொடுத்தார். அது ரிக்கென்ஸாவின் உயரம். ஊரைவிட்டுக் கிளம்பும்போது மனைவியை நிற்கவைத்து அளந்து, உச்சந்தலைக்கு நேராக முடிச்சுப் போட்டு எடுத்து வந்தாராம். வருஷத்துக்கு ஒருமுறை அந்த நீளத்துக்குத் திரி வெட்டி மெழுகில் தோய்த்து, பாம்பு மாதிரி சுருட்டி அவள் பெயரில் ஏற்றுவோம்.

"இதுதான் கடைசி மெழுகுவத்தி, எஸ்கீவா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் கயிற்றை எடுத்துக்கொண்டு போனபோது, பாசில் மாமாவின் மெழுகுக்கடையில் ஒரு பெண் கையாலும் தலையாலும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அழுக்கு அங்கி, பிய்ந்த செருப்பு. அவள் பேசியது பிரபுவின் பாஷை. பத்திரமாகக் கரையேறியதற்கு ஒரு சின்ன மெழுகுவத்தி வேண்டுமாம். நான் மாமாவுக்கு எடுத்துச் சொன்னேன். மதியக் கப்பலில் திரிபோலிக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் அங்க இருக்கார்னு கேள்விப்பட்டேன் கண்ணு. ஒம்பது வருஷமாச்சு. செத்துட்டார்னு ஊரே சொல்லிச்சு. நான் நம்பல."

"ஆள் எப்படி இருப்பாரு?" என்று கேட்டேன்.

"எல்லாரையும் மாதிரிதான். ஆனா சரியான சீரகப் பைத்தியம். பழத்துக்குக்கூடத் தூவுவாரு."

கயிறு கைநழுவிக் கீழே விழுந்தது.

உண்மையைச் சொல்கிறேன். நான் நல்ல பிள்ளை மாதிரி உடனே வாயைத் திறக்கவில்லை. மதியம் வரை சும்மா இருந்தால் போதும். கப்பல் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்பா வந்துவிடுவார். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். குதிகால் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அந்தக் காலோடு இன்னும் எத்தனை ஊர் அலைவாள்?

ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினேன். "கொஞ்சம் நேரா நில்லுங்க" என்றேன்.

"என்ன பாப்பா, சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறியா?"

கயிற்றின் ஒரு நுனியை அவள் காலால் மிதிக்கச் சொல்லி, மறுமுனையை மேலே இழுத்தேன். முடிச்சு உச்சந்தலையில் வந்து நின்றது. ஒரு விரல் அளவுகூட ஏறவோ இறங்கவோ இல்லை. அவள் கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"இது நான் நூத்த நூல். உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"இதை வச்சுத்தான் வருஷா வருஷம் உங்களுக்கு மெழுகுவத்தி ஏத்துறோம்."

"எதுக்கு?"

"நீங்க செத்துப்போனதுக்கு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாசில் மாமா தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

நான் முதலில் அம்மாவிடம்தான் ஓடினேன். இந்தச் செய்தி தெருவிலிருந்து அவள் காதில் விழக்கூடாது என்று தோன்றியது. அம்மா கல்யாண உடுப்பின் கையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பிரபுவோட மனைவி சாகல. மெழுகுக்கடையில உட்கார்ந்திருக்காங்க."

அம்மாவின் கையில் ஊசி அப்படியே நின்றது. பிறகு உடுப்பை மடித்து வைத்தாள்.

"சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவும் என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். அப்புறம் இருவரும் போய் அவளைக் கூட்டிவந்து, காலுக்குச் சுடுதண்ணீர் வைத்தோம்.

மாடிப்படியில் இறங்கிவந்த பிரபு அவளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பேயென்று நினைத்து மூன்றுமுறை சிலுவை போட்டார்.

"பேய்க்குக் கால் வெடிக்குமா?" என்றாள் ரிக்கென்ஸா. "நீங்க செத்ததா எனக்கும்தான் சொன்னாங்க. நான் மெழுகுவத்தி ஏத்தல. தேடி வந்தேன்."

கெர்லாக் பிரபு அவள் காலடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பிறகு எழுந்துபோய் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அதில் உங்க தப்பு ஒன்றுமில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். அவள் முலாம்பழம் நறுக்கிவைத்து, கேட்காமலே சீரக டப்பாவையும் பக்கத்தில் வைத்தாள். பிரபுவும் ரிக்கென்ஸாவும் ஒரே நேரத்தில் அதற்குக் கை நீட்டினார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மாதம் அவர்கள் கப்பலேறினார்கள். துறைமுகத்தில் நான் அந்தக் கயிற்றைத் திருப்பிக் கொடுத்தேன். பிரபு என்னை நிற்கவைத்து அளந்து, என் தலைக்கு நேராக இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"எனக்கு மெழுகுவத்தி ஏத்தப்போறீங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"ஏத்த மாட்டார்" என்றாள் ரிக்கென்ஸா. "நீ எவ்வளவு வளர்ந்திருக்கேன்னு பார்க்க, நானே அவரைக் கூட்டிட்டு வருவேன்."

மூன்று வருஷம் கழித்து இருவரும் வந்தார்கள். எனக்காகப் போட்ட முடிச்சு என் தோளுக்குத்தான் வந்தது.