நாலாம் மாடிப் படிக்கட்டில் பதினைந்து நிமிடம்

"இந்த ஃப்ரிட்ஜை யாருங்க ரிப்பேர் பண்ணது?"

மருந்துக்கடையில், குடையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவள் கேட்டாள். கையில் இன்சுலின் குப்பி. குலுக்கினால் உள்ளே ஆடவேண்டிய மருந்து ஆடவில்லை... கல்லாக உறைந்திருந்தது.

"நான்தாங்க," என்று ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நேத்து சாயங்காலம் பண்ணேன். சும்மா ஜில்லுனு இருக்குதா?"

கூலி வாங்க வந்து நின்ற மெக்கானிக். நனைந்த சட்டை, தோளில் கருவிப் பை, நெற்றியில் ஒட்டிய முடி. கண்கள் பெரியவை. பாராட்டு வரும் என்று நம்பிக் காத்திருக்கும் கண்கள்...

"ஜில்லுனா? இது என்ன குச்சி ஐஸா, சப்பிச் சாப்பிட? இன்சுலின் உறைஞ்சா செத்துப்போச்சுன்னு அர்த்தம்!"

அவன் முகம் மாறியது. அவனிடம் வருகிற எல்லோரும் 'கூலிங் பத்தல' என்றுதான் வருவார்கள். கூலிங் அதிகம் என்று ஒருவரும் வந்ததில்லை. எந்த ஃப்ரிட்ஜைப் பழுது பார்த்தாலும் குளிர் கூட்டும் திருகைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிவிட்டு எழுந்திருப்பது அவன் கைக்குப் பழக்கம். நேற்றும் கை தன் வேலையைச் செய்துவிட்டது.

"கொஞ்ச நேரம் வெளிய வெச்சா இளகிடும்மா," என்றார் கடைக்காரர். "இதுக்குப் போய் ஏன் குதிக்கற?"

"இளகும் சார், வேலை செய்யாது. ஊசி போட்டாச்சேன்னு நிம்மதியா சாப்பிட்டுட்டு, ரெண்டு நாள்ல ஆஸ்பத்திரியில கிடப்பாங்க."

"காலையிலேர்ந்து எத்தனை பேருக்கு வித்தீங்க?" மெக்கானிக்கின் குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு பேருக்கு. வீட்டுக்கு அனுப்பினேன்."

"முகவரி குடுங்க, நான் போய் மாத்திக் குடுக்கறேன். மிச்சத்தைத் தூக்கிப் போடுங்க. என் தப்பு. கூலியில கழிச்சுக்குங்க."

தப்பு என்று ஒரு ஆண் இவ்வளவு சுருக்கமாக ஒப்புக்கொண்டு அவள் பார்த்ததில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி அவள். எந்திரத்தின் மூடியைத் திறந்துபோட்டு வேலை செய்தவனிடம் கேட்டால்கூட, எந்திரம்தான் தன்னைத் திறந்துகொண்டது என்பான். எதற்கெடுத்தாலும் மெமோ எழுதுவதால் அங்கே அவளுக்குப் பெயரே மெமோ.

"நீங்க போய் என்ன சொல்வீங்க? ஜில்லுனு இருந்துச்சுங்க, திருப்பிக் குடுங்கன்னா? நானும் வர்றேன்."

அடுத்த தெருக் கடையில் நல்ல குப்பிகளாகப் பார்த்து, அவள் வாங்க வந்ததையும் சேர்த்து மூன்று வாங்கிக்கொண்டு அவனுடைய பழைய வேனில் கிளம்பினார்கள். முதல் வீட்டில் சிரமமில்லை. இரண்டாவது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் வீடு. நாலாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.

"இளக வெச்சுட்டேனே, இது நல்லாத்தானே இருக்கு," என்று அவர் குப்பியை விடவில்லை.

"வெளிச்சத்துல பாருங்கய்யா. தண்ணி மாதிரி இருக்க வேண்டிய மருந்துல தூள் மிதக்குது. புதுசை உறையற தட்டுக்குப் பக்கத்துல வைக்காதீங்க, கதவுலயும் வேணாம், நடுத் தட்டுல வைங்க. தொறந்ததை வெயில் படாத இடத்துல வெளியவே வெச்சுக்கலாம். ஒரு மாசம் தாங்கும்."

"நீ டாக்டராம்மா?"

"இல்லய்யா. எனக்கும் இதே வியாதி. ஒன்பது வயசுலேர்ந்து."

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. பதினேழு வருடமாக அம்மா கட்டிக்காத்த ரகசியம். கல்லூரித் தோழிகளுக்குக்கூடத் தெரியாது. தொழிற்சாலையில் மதிய ஊசியைக் கழிப்பறைக்குள் போய்தான் போட்டுக்கொள்கிறாள். இங்கே யாரோ ஒரு டிரைவரிடமும் யாரோ ஒரு மெக்கானிக்கிடமும்...

இறங்கும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவளுக்குக் கை நடுங்கியது. கழுத்தில் குளிர்ந்த வியர்வை. காலை ஊசிக்குப் பிறகு அவசரத்தில் பாதிதான் சாப்பிட்டிருந்தாள். அதற்குமேல் இத்தனை படிகள்.

சுவரைப் பிடித்துப் படியில் உட்கார்ந்தாள். விரல் நுனியில் குத்தி மீட்டரைப் பார்த்தாள். சர்க்கரை இறங்கியிருந்தது.

"என்னங்க ஆச்சு? நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க. பேசாதீங்க. சர்க்கரை ஏற பதினஞ்சு நிமிஷம் ஆகும்."

பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்தாள். விரல்கள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அவன் வாங்கிப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு படி கீழே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். ஐயோ என்று கத்தவில்லை. தலையைத் தடவவில்லை. சன்னலுக்கு வெளியே மழை கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய கண்கள் கடிகாரத்துக்கும் அவளுக்கும் நடுவே போய்ப் போய் வந்தன... ஒவ்வொரு முறையும் அவளிடம் ஒரு நொடி கூடுதலாக நின்றன.

"ஆச்சுங்க, பதினஞ்சு."

மறுபடி பரிசோதித்தாள். ஏறியிருந்தது. பையிலிருந்த ரொட்டியைக் கடித்தாள். உலகம் பழைய இடத்துக்கு வந்தது.

"இன்சுலின் உங்க அம்மாவுக்குன்னு நெனச்சேன்," என்றான்.

"அது சரி. இவ்வளவு வாய் பேசறவளுக்கு வியாதி இருக்காதுன்னு நெனச்சீங்க."

"வாய்க்குத் தனியா மருந்து இருக்காங்க?"

அவள் முறைத்தாள். ரொட்டி வாயில் இருந்ததால் முறைப்பு எடுபடவில்லை.

அதன்பின் வேனும் வேலையும் அடிக்கடி அவள் தெருப்பக்கம் வந்தன. காதலர்கள் நிலாவைப் பற்றிப் பேசுவார்களாம்... இவர்கள் ஃப்ரிட்ஜ் கதவைப் பற்றிப் பேசினார்கள். "கதவுல ஒரு தாளை வெச்சு மூடி இழுத்துப் பாருங்க. சுலபமா வந்தா ரப்பர் போச்சுன்னு அர்த்தம், கரண்ட் பில் எகிறும்," என்பான் அவன். "மீட்டர்ல செருகற டெஸ்ட் ஸ்ட்ரிப் பெரிய பெட்டியா வாங்கினா மலிவு. ஆனா காலாவதித் தேதி பாக்காம வாங்கறவன் முட்டாள்," என்பாள் அவள். இதே மருந்து விலை குறைந்த வேறு பெயரில் கிடைக்குமா என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்கச் சொல்லி, பிரஷர் மாத்திரை சாப்பிடும் அவன் அக்காவுக்குத் தைரியம் கொடுத்ததும் அவள்தான்.

இரண்டாம் மாதம், பஸ் நிறுத்தத்தில், அவன் திக்கித் திணறிச் சொன்னான். "எனக்கு... உங்களை... காலம் பூரா நான் பாத்துக்கறேங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. பாத்துக்கறேன்!

"நான் என்ன கம்ப்ரஸரா, வருஷ ஒப்பந்தம் போட்டுப் பாத்துக்க? எனக்கு நர்ஸ் வேணும்னா சம்பளத்துக்கு வெச்சுக்கறேன். உங்க பரிதாபம் எனக்கு வேணாம்."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். அவன் எண்ணிலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அழைப்புகளும் நின்றன. கோபம் மட்டும் நிற்கவில்லை. அது அவன்மேலா தன்மேலா என்பதுதான் விளங்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு குடும்பம் கல்யாணம் பேச வந்தது. பையன் பெரிய படிப்பு. வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கிய மகளுக்கு அதற்குக் குறைந்து அம்மா பார்ப்பதாக இல்லை.

"வியாதியைப் பத்தி மூச்சு விடாதடி. எல்லாம் முடிஞ்சப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்," என்று அம்மா சமையலறையில் கெஞ்சினாள்.

கூடத்தில் தட்டு நிறையக் கேக். "ஏம்மா சாப்பிடல?" என்றார் பையனின் அப்பா.

"அவளுக்கு இனிப்பு பிடிக்காதுங்க," என்று அம்மா முந்திக்கொண்டாள்.

அவள் எழுந்தாள். ஊசி போட வழக்கமாகக் குளியலறைக்குப் போகும் கால்கள் கூடத்தின் நடுவிலேயே நின்றன. ஊசியை எடுத்தாள், அளவைப் பார்த்தாள், எல்லோர் முன்னாலும் தொடைமேல் புடவையோடு சேர்த்து... இல்லை, கோபத்திலும் அவள் பாதுகாப்பு அதிகாரி. ரவிக்கைக் கைக்குக் கீழே சுத்தமான இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

"பிடிக்கும்ங்க," என்றாள், ஒரு துண்டு கேக்கை எடுத்தபடி. "கணக்குப் பாத்து ஊசி போட்டுக்கிட்டு சாப்பிடணும், அவ்வளவுதான்."

வந்தவர்கள் டீயை முடிக்காமல் போனார்கள். "பாவம்," என்று அந்தப் பையன் வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னது அவள் காதில் விழுந்தது. பரிதாபம் என்றால் இதுதான்... ஒரு சொல், ஒரு செருப்பு, ஒரு முதுகு. இரண்டு படி கீழே உட்கார்ந்து கடிகாரம் பார்த்தது வேறென்னவோ.

மறுநாள் பட்டறைக்குப் போனாள். கதவு கழற்றிய ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவே அவன் உட்கார்ந்திருந்தான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவன் எழுந்து கையை வெகுநேரம் துணியில் துடைத்தான்.

"பரிதாபமெல்லாம் இல்லீங்க. பரிதாபப்படற மாதிரியா இருக்கீங்க? வாயைத் தொறந்தா தீயணைப்பு வண்டி வரணும்... எனக்குப் பயம்ங்க. அன்னைக்குப் படிக்கட்டுல தைரியமாத்தான் உக்காந்திருந்தேன். வீட்டுக்குப் போனப்புறம் விடிய விடிய கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். இந்தப் பொண்ணு எந்திரிக்காமப் போயிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு... அதைச் சொல்லத் தெரியாமத்தான் பாத்துக்கறேன்னு உளறிட்டேன்."

பதினேழு வருடமாக எல்லோரும் அவளிடம் பயப்படாதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர், நர்ஸ், அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒருவரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

"எனக்கும்," என்றாள். அந்தச் சின்னக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். "தினம் படுக்கறப்ப... காலையில எந்திரிப்பேனான்னு. கோவமா இருந்தா பயம் தெரியாது. அதான் எப்பவும் கோவமா இருக்கேன்."

அவன் ஒரு ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினான். ஆறுதல் சொல்லியிருந்தால் அவள் திரும்பிப் போயிருப்பாள்.

"உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள், ஆய்வறிக்கை வாசிப்பதைப் போல. "கல்யாணம் பண்ணிக்கற அளவுக்கு."

அவன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"உங்க அம்மா..."

"திட்டுவாங்க. என்ன படிச்சிருக்கான்னு கேப்பாங்க."

"பத்தாவது. அதுவும் ஃபெயிலு."

"தெரியும். ஞாயித்துக்கிழமை வாங்க. நான் பேசிக்கறேன், நீங்க வாயைத் தொறக்காதீங்க."

"சரிங்க."

"அதென்ன எல்லாத்துக்கும் சரிங்க?"

"இதுவும் பயம்தாங்க," என்றான் அவன். அந்தக் கண்களில் பயத்தைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது...

அவள் சிரித்துவிட்டாள்.