திருட்டு முகம், கிழிந்த காது

போன் அலறியது!

யதிரா பாய்ந்து எடுத்தாள். ஒன்பது நாளாக இப்படித்தான். மணி அடித்தாலே பாதி உயிர் போய்விடுகிறது.

வீடியோ கால். தெரியாத நம்பர்.

திரையில்...

"எலியாசர்!"

அவளுடைய தம்பி! மொட்டைத் தலை. உதட்டோரம் ரத்தம். பின்னால் ஏதோ வேனின் உட்புறம். ஆனால் உயிரோடு!

"அக்கா... கத்தாத. தப்பிச்சு வந்துட்டேன்."

"டேய் கண்ணா! என்னடா பண்ணாங்க உன்னை? முடியெல்லாம் எங்கடா?"

"சிரைச்சு விட்டுட்டானுங்க... அதை விடு."

யதிரா அழுதாள். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதாள்.

எலியாசர் மினி பஸ் டிரைவர். ரோகேலியோ என்ற ரவுடி நட்டநடு ஸ்டாப்பில் ஒருவனைச் சுட்டதைக் கண்ணால் பார்த்தவன். திங்கட்கிழமை கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியவன். ஒன்பது நாள் முன்னால் இரண்டு பேர் அவன் வீட்டுக் கதவை உடைத்தார்கள். தரையில் ரத்தம். ஆளைக் காணோம்.

அன்றிலிருந்து குவாதலஹாரா நகரில் அவள் ஏறி இறங்காத பிணவறை இல்லை. தோள் வரை முடி தொங்கும் தம்பியின் போட்டோவை ஒட்டாத கம்பம் இல்லை. போலீஸில் எல்லோரும் விரட்டினார்கள். ஒரே ஒருத்தி, இன்ஸ்பெக்டர் ஒஃபேலியா மட்டும், தன் வீட்டு விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, 'எப்ப வேணா வாம்மா' என்றாள்.

"யாரு யதிரா?" என்றபடி ஓடி வந்தான் ஃபெர்மின்.

ஸ்டூடியோ முதலாளி. போட்டோக்களை வைத்து, கம்ப்யூட்டரில் நிஜ மனிதத் தலைகளை உருவாக்கும் ஸ்டூடியோ அது. யதிரா அங்கே நம்பர் ஒன். அவள் செய்த தலை இருமினால், பார்க்கிறவன் மருந்து வாங்க ஓடுவான்!

"ஃபெர்மின்... என் தம்பி! உயிரோட இருக்கான்!"

"கன்னி மாதாவே! நான் சொல்லல? பேசு, பேசு!"

"அக்கா, கேளு," திரையில் எலியாசர் மூச்சிரைத்தான். "ஒரு வேன்காரர் ஏத்திக்கிட்டாரு. என்னைத் தேடுறானுங்க. ஒளியறதுக்கு நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச இடமாச் சொல்லு. தலையில அடிச்சதுல எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது!"

இடமா? இருக்கிறது! சப்பாலா ஏரிக்கரையில், செத்துப்போன ஞானத்தந்தையின் படகுக் கொட்டகை. நாய்கூட எட்டிப் பார்க்காத மூலை.

"சொல்லு யதிரா!" ஃபெர்மின் அவசரப்படுத்தினான். "ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து!"

அழுகைக்கு நடுவே வாயைத் திறந்தாள். முணுமுணுப்புதான் வந்தது.

"கேக்கலக்கா..."

எலியாசர் தலையைத் திருப்பிக் காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டு வந்தான்.

யதிரா பார்த்தாள்.

காது மடலின் அடியில்... சின்னக் கிழிசல்!

"இ... இன்னும் கேக்கலையாடா? அந்தக் காதைக் கொடு."

அவன் திருப்பினான். அதிலும் அதே கிழிசல்!

அவள் திரையை இன்னும் பக்கத்தில் இழுத்தாள்.

ஏழு வயதில் வீட்டுக் கிளி தோட்டைப் பிடித்து இழுத்துக் கிழித்த காது அது. யாருடைய காது? யதிராவுடைய இடது காது!

இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஃபுட்பால் கேமுக்கு கோல்கீப்பர் தலை வேண்டியிருந்தது. தம்பியின் நாற்பது போட்டோக்களை வைத்துச் செய்தாள். நாற்பதிலும் காதை முடி மூடியிருந்தது. அவசர வேலை. தன் இடது காதையே படமெடுத்து ஒட்டினாள். அதையே திருப்பி வலது பக்கமும் ஒட்டினாள். மேலே முடியைப் போட்டு மூடினாள். முடியை விலக்கி எவன் பார்க்கப் போகிறான்?

இப்போது பார்த்துவிட்டாளே!

முடியை நிஜம் போல் ஆடவைப்பதுதான் இந்தத் தொழிலில் உயிரை வாங்குகிற வேலை. அதனால் மொட்டை! அந்த முகத்தை மாட்டிக்கொண்டு எவனோ பேசுகிறான். குரலும் கம்ப்யூட்டர் உபயம்.

அந்தத் தலை இருப்பது இரண்டே கம்ப்யூட்டரில். ஒன்று அவளுடையது. இன்னொன்று...

ஃபெர்மினின் கை அவள் தோளில் இருந்தது. ஒன்பது நாளாக அவள் சாய்ந்து அழுத கை.

'அப்படியானால் என் தம்பி?'

நிஜத் தம்பி கையில் இருந்தால் பொம்மைத் தலை எதற்கு? கொன்றிருந்தால், ஒளியும் இடம் எதற்கு?

அவன் தப்பிவிட்டான்! இவர்கள்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்!

யதிரா மூக்கை உறிஞ்சினாள். அழுகை இப்போது நடிப்பு.

"ஒஃபேலியா அத்தை வீட்டுக்குப் போடா கண்ணா. தனியாதான் இருக்காங்க. விலாசம் எழுதிக்கோ..."

சீட்டில் இருந்ததை எழுத்து விடாமல் படித்தாள்.

லைன் கட்!

"நல்ல காரியம் பண்ணின," ஃபெர்மின் பெருமூச்சு விட்டான். "முதல்ல முகத்தைக் கழுவு, போ."

பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அவள் போன் போட்டாள்.

"இன்ஸ்பெக்டரம்மா... உங்க வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்க. துப்பாக்கியோட! அப்புறம், சப்பாலா ஏரிக்கரையில எங்க ஞானத்தந்தையோட படகுக் கொட்டகைக்கு ஒரு ஜீப் அனுப்புங்க, தம்பி அங்கதான் ஒளிஞ்சிருப்பான், கும்பிட்டுக் கேக்கறேன்!"

"அழாதம்மா. வரட்டும். கதவைத் திறந்தே வைக்கிறேன்."

ஒன்றரை மணி நேரம். யதிரா செத்துச் செத்துப் பிழைத்தாள்.

கதவு திறந்தது. யூனிஃபார்மில் ஒஃபேலியா, பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்!

"ஃபெர்மின், அத்தையைத் தெரியுதா?"

அவன் முகம் வெளிறியது. "எ... என்ன இது?"

"ஜாமீன்ல திரிஞ்ச ரோகேலியோவையும் சேர்த்து நாலு பேர் வந்தாங்க. நாலும் இப்ப லாக்கப்புல. ரோகேலியோ உங்கம்மாவோட முதல் கல்யாணத்துப் பையனாமே? அவனே சொன்னான். நாங்க கேக்கக்கூட இல்ல!"

விலங்கு மாட்டும்போதே ஒஃபேலியாவின் போன் அடித்தது. எடுத்தவள் சிரித்தாள். திரையை யதிரா பக்கம் திருப்பினாள்.

தோள் வரை முடி. கையில் ஈரமான கட்டு.

"ஏய் குண்டச்சி! போஸ்டருக்கு வேற போட்டோவே கிடைக்கலையா? அதுல என் மூக்கு பலாப்பழம் மாதிரி இருக்கு!"

"நாயே... ஒரு போன் பண்ணியிருந்தா குறைஞ்சா போயிடுவ?"

"உன்னைப் பின்தொடர்ந்து என்கிட்ட வந்துட்டா? அதான் போனை ஏரியில வீசிட்டேன். அழாதடி!"

"நான் ஒண்ணும் அழல!" என்று அழுதாள்.

வாசலில் ஃபெர்மின் நின்றான். பல்லைக் கடித்தான்.

"ஒரு குறைகூட இல்லாத தலை அது... எப்படிக் கண்டுபிடிச்ச?"

யதிரா தன் முடியை ஒதுக்கி, கிழிந்த இடது காதைக் காட்டினாள்.

"அடுத்தவங்க காதுல பூ சுத்தறதுக்கு முன்னாடி... அது யாரு காதுன்னு விசாரிச்சுக்கணும் ஃபெர்மின்!"