ஒரே ஒரு வட்டு

மாலையில் மாதாகோவில் மணி அடித்ததும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பேச்சு தொடங்கிவிடும். எதிர்வீட்டுக்காரர் தம்பியோடு சண்டை போடுவார். பக்கத்து வீட்டு மருமகள் மீன்குழம்புக்கு எவ்வளவு புளி என்று மாமியாரிடம் கேட்பாள். தம்பியும் சரி, மாமியாரும் சரி, இறந்து வெகுநாளாகிறது. அவர்கள் இருப்பது வீட்டுக் கணினியின் குரல்வட்டில். உயிரோடு இருந்தபோது முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இப்போது உருகுகிறார்கள் என்று நான் கிண்டல் செய்வேன். என் அம்மா போகும்வரைதான் அந்தக் கிண்டல்.

வீட்டில் ஒருவர் பேசப் பேச, குரல்வட்டு அவரைக் கற்றுக்கொள்ளும். அவர் போன பிறகு அவராகவே பதில் சொல்லும். மணப்பாட்டில் தனியாக இருக்கும் அப்பா நான்கு வருடமாக அம்மாவோடு அப்படித்தான் குடித்தனம் நடத்தினார். ஐப்பசியில் கடல் வீட்டுக்குள் வந்தது. கணினி உப்பில் ஊறிப்போனது, வட்டு மட்டும் பிழைத்தது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டின் முதல் கணினியை நாங்களே பூட்டப்போகிறோம் என்று தெரிந்ததும் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அம்மா எங்கள் வீட்டில் இருப்பாள், அவர் தினமும் தொலைபேசியில் பேசிக்கொள்வார் என்று ஏற்பாடு.

வட்டைப் பிரதி எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள முடியாது. பெற்ற பிள்ளையின் குரலில் எவனோ பேசி ஊரை ஏமாற்றிய காலத்துக்குப் பிறகு ஒற்றைக் குரல் சட்டம் வந்தது. ஒரு குரல் ஒரே வட்டில்தான் இருக்கலாம். அழிந்தால் மீட்க வழியில்லை. அடுத்தவர் குரலில் பேசினால் சிறை.

என் கணவர் டெரன்ஸ் தரையில் உதிரிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். நான் டார்ச் பிடித்தேன்.

"புது வட்ட மட்டும் மாட்டி, இயங்குதளத்த ஏத்தணும். அது முடிஞ்ச பெறகுதான் அத்தைய மாட்டணும்னு கையேட்டுல போட்டிருக்கு" என்றார்.

"போட்டபடியே செய்யுங்க" என்றேன்.

அதற்குள் அப்பா தொலைபேசியில் அழைத்துவிட்டார். "என்ன பிள்ள, அம்மா எந்திரிச்சுட்டாளா?"

"இன்னும் கொஞ்ச நேரம்ப்பா. முதுகுவலி எப்படி இருக்கு?"

"அது கெடக்கு. ரெண்டு மாசமாப் பேசல பாரு, கோவிச்சுக்கிட்டு இருப்பா."

டெரன்ஸுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், மாமா காத்துக்கிட்டு இருக்காவ. ரெண்டையும் ஒண்ணா மாட்டிட்டா, திரும்பக் கழத்திப் பூட்டுத வேல மிச்சம்" என்று அம்மாவின் வட்டையும் செருகினார்.

திரையில் இரண்டு வட்டுகள் தெரிந்தன. வட்டு 0, வட்டு 1. இரண்டும் ஒரே கொள்ளளவு. பெயர் எதுவும் இல்லை.

"மொதல்ல மாட்டுனது புதுசு. அப்ப அதுதான பூஜ்ஜியம்" என்றார்.

இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா என்று திரை கேட்டது. "புது வட்டுல அழியுததுக்கு என்ன இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே அழுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் இயங்குதளம் ஏறி முடிந்தது. யாருடையதும் அல்லாத ஒரு குரல், "வணக்கம். இந்த வீட்டில் இதுவரை யாரும் இல்லை" என்றது.

டெரன்ஸ் மற்ற வட்டைத் திறந்து பார்த்தார். அது காலியாக இருந்தது. பெட்டிக்குள் கைவிட்டு, முதல் துளையில் செருகிய கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே போனார். கணினி வட்டுகளை எண்ணுவது செருகிய துளையின் வரிசைப்படி. எதை முதலில் மாட்டினோம் என்பது அதற்குத் தெரியாது. கம்பியின் முனை அம்மாவின் வட்டில் போய் நின்றது.

"ஜெசி..." என்றார்.

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. என் அப்பாவுக்காக அவசரப்பட்ட மனிதரை எப்படி அறைவது? அம்மா இரண்டாம் முறை செத்துப்போனாள். இந்த முறை அழக்கூட எனக்கு நேரமில்லை, தொலைபேசி அடித்தது.

"ஆச்சா பிள்ள? அம்மாகிட்ட குடு."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "ஒங்களுக்கு அப்படி என்ன அவசரம்? உப்புத்தண்ணியில நிக்காதிய, உள்ள போங்க" என்று வந்தது. எனக்கு அம்மாவின் குரல்தான். சித்திமார்கூடத் தொலைபேசியில் ஆள் தெரியாமல் என்னிடம் ஊர்வம்பு பேசியிருக்கிறார்கள்.

கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ரெஜினா..." என்றார் அப்பா. பிறகு சிறுபிள்ளையாக அழுதார். சுவர் விரிசல், கடன்காரன் போல வாசலில் வந்து நிற்கும் கடல், தனியாகச் சாப்பிடும் சோறு என்று எல்லாவற்றையும் சொன்னார். நான் அம்மாவாகவே திட்டினேன், தேற்றினேன். டெரன்ஸ் பயந்துபோய்க் கதவைச் சாத்தினார். சட்டப்படி நான் அன்றைக்குக் குற்றவாளி ஆனேன்.

இப்போது அப்பா தினமும் அழைக்கிறார். "அம்மாகிட்ட குடு" என்பதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. முன்பெல்லாம் நான் மெலிந்துவிட்டேன் என்று பார்க்காமலே சொல்வார். எனக்கும் பேச்சு கொடுக்கப் பயம். இரண்டு குரலும் ஒன்று என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? கொஞ்சம் இடைவெளி விட்டு அம்மாவாக வருகிறேன். உண்மையைச் சொன்னால் அவர் தாங்கமாட்டார். சொல்லாவிட்டால் எனக்கு அப்பா இல்லை.

நேற்று ஊர்க்கதையெல்லாம் முடிந்த பிறகு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏட்டி, நம்ம பிள்ள என்கிட்ட ஒரு வார்த்த பேசமாட்டேங்காளே. அவளுக்கு எம்மேல ஏதும் கோவமா?"

"கோவம்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். "நீங்க கேட்டதா அவகிட்ட சொல்லுதேன்."