கருப்பாயிக்குக் காய்ச்சல்

கரையான்சாவடி பஜாருக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் கருப்பாயியைத் தெரியாதவர்களே கிடையாது. கருப்பாயி என்பது சாராளின் அப்பா அருள்தாஸ் ஓட்டும் வாடகைக் கார். வயதான கார்தான். ஆனால் அருள்தாஸ் அதைத் துடைத்துத் துடைத்து, முகம் பார்த்துத் தலை சீவும் அளவுக்குப் பளபளவென்று வைத்திருந்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கருப்பாயியின் கூரைமேல் மூங்கில் குச்சியும் கலர் காகிதமும் வைத்துச் செய்த பெரிய நட்சத்திரம் இன்னும் நின்றது. அதற்குள் ஒரு குட்டி பல்பு. காரின் பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்து அருள்தாஸ் அதை எரிய விட்டிருந்தார். இந்த ஏற்பாட்டில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. முதல் நாள் சாயங்காலம் காற்றில் நட்சத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவர் பானட்டுக்குள் ஒயரை இழுத்துப் பிடித்து, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தெருப்பிள்ளைகள் எல்லாரும் சாப்பிடப் போகும்வரை விளக்கை எரிய விட்டார்.

மறுநாள் விடிந்தபோது பூந்தமல்லி முழுக்கப் பனி. எதிர்வீட்டுக் கதவுகூட மங்கலாகத்தான் தெரிந்தது. அந்தப் பனியில், தகரப் பெட்டியோடு வந்து நின்றாள் பக்கத்து வீட்டுப் பார்வதம் அக்கா.

பார்வதம் அக்கா நர்ஸ் படிப்புக்குப் போகிறாள். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்திருந்தது. அந்தத் தெருவிலிருந்து வெளியூர் போய்ப் படிக்கப்போகும் முதல் பெண் அவள்தான். இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அதனால் எழும்பூரில் காலை ரயிலைப் பிடித்தே ஆக வேண்டும்.

அக்காவின் அப்பா வீராசாமி அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். முதல் பஸ் சற்று முன்புதான் அவர் கண்ணெதிரே போயிற்று. பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் எதற்குத் திண்டாட வேண்டும், அதான் அருள்தாஸ் கார் இருக்கிறதே என்று விட்டுவிட்டார். அடுத்த பஸ்ஸில் போனால் ரயிலின் வாலைக்கூடப் பார்க்க முடியாது.

அருள்தாஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். கருப்பாயி "ங்ங்... ங்ங்..." என்று முனகியது. அதோடு சரி. அருள்தாஸின் கண் முன்பலகைக்குப் போனது. அங்கே இன்ஜின் சூட்டைக் காட்டும் வட்டமான மீட்டர் ஒன்று உண்டு. இந்தப் பக்கம் 'சி' என்றால் குளிர்ச்சி, அந்தப் பக்கம் 'எச்' என்றால் கொதிப்பு. முள் 'எச்'சைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது.

அருள்தாஸுக்கு வியர்த்துவிட்டது. போன கோடையில் போரூர் ஏரிப் பக்கம் இந்த முள்ளைக் கவனிக்காமல் ஓட்டியதில் கருப்பாயி கொதித்து, ஆவி கக்கி, நடுரோட்டில் படுத்துவிட்டது. அன்றிலிருந்து முள் என்ன சொன்னாலும் அவருக்கு வேதவாக்கு. கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"கருப்பாயிக்குக் காய்ச்சல் வீராசாமி. கொதிக்கிது. ஆறினாதான் கெளம்பும்."

அதன் பிறகு நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள். அருள்தாஸ் பானட்டைத் தூக்கி நிறுத்தினார். வீராசாமி வீட்டுக்குள் ஓடிப் பனைவிசிறி கொண்டுவந்தார். தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, பற்கள் தந்தியடிக்க, அந்தப் பெரிய மனிதர் காருக்கு விசிறத் தொடங்கினார். இந்தப் பக்கம் அருள்தாஸ் ஒரு கோணியை நனைத்துப் பிழிந்து இன்ஜின் மேல் போர்த்தினார்.

பார்வதம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்து, கைக்குட்டையை முறுக்கி முறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துச் சாராளால் சும்மா நிற்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்குகளை அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவள் அந்த அக்காதானே.

சாராள் காரின் அருகே போனாள். கோணியை ஒதுக்கிவிட்டு, ஈரம் படாத இடமாகப் பார்த்து இன்ஜினின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் என்றால் அம்மா நெற்றியில் கை வைத்துத்தானே பார்ப்பாள்.

இன்ஜின் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. ரேடியேட்டரைத் தொட்டாள். அதுவும் சில்லென்றுதான் இருந்தது.

"நைனா, இதுக்குக் காய்ச்சலே இல்ல. குளிர்ல வெறச்சிப்போய் கீது."

அருள்தாஸ் அலட்சியமாகத் தலையாட்டினார். முள் பொய் சொல்லாது, சின்னப்பிள்ளை பேச்சைக் கேட்டு இன்ஜினைப் பாழாக்க முடியாது என்றார். சாராள் விடவில்லை. ராத்திரி முழுக்கப் பனியில் தூங்கிய வண்டிக்குக் காய்ச்சல் எப்படி வந்தது என்று கேட்டாள். வீராசாமியின் விசிறி பாதியில் நின்றது.

"முள்ளு சொல்றத அப்புறம் பாத்துக்கலாம். உன் கைய வெச்சிப் பாரு நைனா."

வேண்டாவெறுப்பாகக் கை வைத்தார் அருள்தாஸ். முகம் மாறியது. இன்னும் இரண்டு இடங்களில் தொட்டுப் பார்த்தார். பிறகு வீராசாமியின் கையையும் பிடித்து இழுத்து வைத்தார்.

"அப்போ இந்த முள்ளு இன்னாத்துக்கு அங்க போய் நிக்கிது?" என்றார்.

சாராளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். நேற்று மத்தியானம் கருப்பாயி சவாரி போய்வந்தபோது முள் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு வண்டியை யார் தொட்டார்கள்? அவள் பார்வை மெல்ல மேலே போய்க் கூரையிலிருந்த நட்சத்திரத்தில் நின்றது. அங்கிருந்து ஒயர் வழியாகக் கீழே இறங்கி பானட்டுக்குள் போனது.

அப்பா இறுக்கிக் கட்டிய சணல் கயிறு நட்சத்திரத்தின் ஒயரை மட்டும் பிடித்திருக்கவில்லை. பக்கத்தில் போன ஒரு மெல்லிய ஒயரையும் சேர்த்து இழுத்து, இன்ஜினின் இரும்பு விளிம்பில் அழுத்தியிருந்தது. அந்த இடத்தில் மேல்ரப்பர் உரிந்து, உள்ளே இருந்த செம்புக் கம்பி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நைனா, இந்த ஒயர் எங்க போவுது?"

அருள்தாஸ் குனிந்து பார்த்தார். இன்ஜினின் சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்லும் ஒயர் அது. அவர் அசடு வழியச் சிரித்தார். சாராள் அவரை முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்த்து, ஒயரை இரும்பிலிருந்து தூக்கினாள். முள் சர்ரென்று 'சி'க்கு இறங்கியது. திரும்ப இரும்பில் வைத்தாள். 'எச்'சுக்கு ஓடியது.

பார்வதம் அக்கா எழுந்து வந்தாள். கையிலிருந்த கைக்குட்டையைச் சர்ரென்று கிழித்து, உரிந்த இடத்தைச் சுற்றி அழகாக ஒரு கட்டுப் போட்டாள். முடிச்சுகூட எவ்வளவு நேர்த்தி என்கிறீர்கள். அக்காவின் முதல் நோயாளி கருப்பாயிதான்.

மீதி எல்லாம் அருள்தாஸுக்குத் தெரிந்த வேலை. இன்ஜின் குளிர்ந்திருந்தால் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துக் கிளப்ப 'சோக்' என்று ஒரு குமிழ் உண்டு. கொதிக்கும் இன்ஜினுக்கு அதை இழுக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் அதன் பக்கமே அவர் போகவில்லை. இப்போது அதை முழுக்க இழுத்தார். நேற்று நட்சத்திரம் எரிந்ததில் பேட்டரி சோர்ந்திருந்தது. அதனால் வீராசாமி விசிறியைப் போட்டுவிட்டு, இரும்புக் கைப்பிடியைக் காரின் முன்னால் மாட்டிச் சுற்றினார். கருப்பாயி இருமியது. இன்னொரு சுற்று. மறுபடி இருமியது. அடுத்த சுற்றில் "டுர்ர்ர்" என்று உறுமி, தெருவையே எழுப்பிவிட்டது.

"ஏறு ஏறு, எல்லாரும் ஏறு," என்றார் அருள்தாஸ். சாராளும் ஏறிக்கொண்டாள். வைத்தியம் பார்த்தவளை விட்டுவிட்டுப் போக முடியுமா?

குமணன்சாவடி வந்தது, காட்டுப்பாக்கம் வந்தது. பனிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு, கூரையில் நட்சத்திரம் ஆட, கருப்பாயி பறந்தது. முள் 'சி'யிலிருந்து நல்ல பிள்ளையாக மெதுவாக ஏறி, நடுவில் வந்து நின்றது. ஆனாலும் போரூர் ஏரி வந்ததும் அருள்தாஸ் அதை ஓரக்கண்ணால் பார்க்கத்தான் செய்தார்.

எழும்பூரில் கார்டு பச்சைக்கொடியைக் கையில் எடுத்திருந்தார். வீராசாமி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். பார்வதம் அக்கா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி சாராளின் நெற்றியைத் தொட்டாள்.

"காய்ச்சல் இல்ல," என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் நகர்ந்தது. பெண் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்ற வீராசாமி மப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காருக்குத் திரும்பி வந்ததும் அருள்தாஸ் நேராகச் சாவியை எடுக்கவில்லை. பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மகளைப் பார்த்தார்.

"இன்னா டாக்டரம்மா, சோக்கு வேணுமா?"

சாராளும் கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"வேணாம் நைனா. இப்ப ஒடம்பு நல்லாத்தான் கீது."

அருள்தாஸ் சாவியைத் திருகினார். முனகாமல், இருமாமல், கருப்பாயி கிளம்பிவிட்டது.